டவுன் நோய்க்குறி: டெல்டா ஊர்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையில் உள்ள ஊர்களில் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பணியில் இருந்தபோதும் சரி, டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் பெற்றோர் மாதம் ஒரு முறை கூடும் இடத்துக்கு இப்போது போய் வரும்போதும் சரி, கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. பாதிக் கேள்விகள் குழந்தையைப் பற்றியவை. மறுபாதி, யார் மீது குற்றம் என்பதைப் பற்றியவை. இரண்டுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

இது பொதுவான விளக்கம். உங்கள் கையில் இருக்கும் ஸ்கேன் அல்லது ரத்த அறிக்கையை வைத்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான்.

1. "டவுன் சிண்ட்ரோம்னா என்ன நர்சம்மா? இது நோயா, குறையா?"

நம் உடம்பின் செல்களில் 46 குரோமோசோம்கள் உள்ளன. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என வந்து, 23 இணைகளாக அமைபவை அவை. அவற்றில் 21ஆம் எண் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்துவிட்டால், குழந்தையின் உடலமைப்பிலும் வளர்ச்சியின் வேகத்திலும் சில மாற்றங்கள் தோன்றுகின்றன. அந்த மாற்றங்களின் தொகுப்புக்குத்தான் டவுன் நோய்க்குறி என்று பெயர். 1866ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுனின் பெயரே நிலைத்துவிட்டது. கூடுதல் குரோமோசோம்தான் காரணம் என்பது 1959இல் பிரான்சில் கண்டறியப்பட்டது.

இது காய்ச்சலைப் போல வந்து போவதல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுவதுமல்ல. கரு உண்டாகும்போதே அமைந்துவிடுவது. பழைய மருத்துவச் சீட்டுகளில் 'மங்கோல்' என்று எழுதியிருப்பதை இன்றும் சிலர் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஓர் இனத்து மக்களின் பெயரை இதற்கு வைத்தது தவறு என்று மங்கோலியா கேட்டுக்கொண்டதன் பேரில், 1965இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லைக் கைவிட்டது. நாமும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

2. "ஆயிரத்துல ஒண்ணுன்னு சொல்றீங்க. எங்க ஊர்ல நான் பார்த்ததே இல்லியே?"

உலக அளவில் 800 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை டவுன் நோய்க்குறியோடு பிறக்கிறது. இந்தியாவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொண்டால், அவர்களில் எண்ணூறு முதல் ஆயிரம் பேர் வரை இப்படிப் பிறக்கக்கூடும். பிறக்கும் குழந்தைகளிடம் காணப்படும் குரோமோசோம் எண்ணிக்கை மாற்றங்களில் அதிகம் அறியப்பட்டது இதுதான். 18ஆம் குரோமோசோமோ 13ஆம் குரோமோசோமோ மூன்றாக இருக்கும் நிலைகள் இதைவிடப் பல மடங்கு அரியவை. அந்தக் கருக்களில் பெரும்பாலானவை பிறப்பு வரை தங்குவதில்லை.

உங்கள் ஊரில் மூவாயிரம் பேர் இருந்து, ஆண்டுக்கு நாற்பது குழந்தைகள் பிறந்தால், ஆயிரம் பிறப்பு சேர்வதற்கு 25 ஆண்டுகள் ஆகும். ஒரு தலைமுறைக்கு ஒரு குழந்தை என்றால் 'பார்த்ததே இல்லை' என்று தோன்றுவது இயல்புதான். அந்தக் காலத்தில் இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகள் பலர் ஒரு வயதுக்குள்ளேயே இறந்துபோனார்கள். சளிக் காய்ச்சலில் போய்விட்டது என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போயிருந்தேன். மூன்று பிள்ளைகள் என்று சொன்னார்கள், பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். வாசற்படியில் சிறுவர் செருப்பு நான்கு ஜோடி கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்ட பாட்டிதான் என்னைக் கொல்லைப்புற அறைக்கு அழைத்துப் போனார். ஒன்பது வயதுப் பையன் ஒருவன், முறத்தில் உளுந்தைப் பரப்பி, கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்துக்கொண்டிருந்தான். ஊரில் இல்லை என்று நாம் நினைக்கும் பலர் இப்படித்தான் இல்லாமல் போனார்கள்.

3. "பொறந்த ஒடனே மொகத்தைப் பார்த்தே சொல்லிடலாமா?"

சந்தேகப்படலாம், உறுதி செய்ய முடியாது. கண்களின் வெளி ஓரம் சற்று மேல்நோக்கி இருப்பது, மூக்குத்தண்டு தட்டையாக இருப்பது, காது சிறிதாக இருப்பது, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செருப்பு வார் போகும் அளவு இடைவெளி இருப்பது ஆகியவை அறிகுறிகள். எனக்கு முதலில் தெரிவது தசைத் தளர்ச்சிதான். மற்றக் குழந்தைகளைத் தூக்கினால் கைகால்களை மடக்கி நம்மோடு இறுகிக்கொள்ளும். இந்தக் குழந்தை நனைந்த துணியைப் போலக் கைகளின் வழியே வழுக்கும்.

உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை ஓடுவதை மட்டும் வைத்துப் பயந்து வருகிறவர்கள் உண்டு. எந்தக் குறையும் இல்லாதவர்கள் சிலருக்கும் அந்த ரேகை இருக்கும். உறுதி செய்வது 'கேரியோடைப்' எனப்படும் ரத்தப் பரிசோதனை மட்டுமே. செல்களை வளர்த்து, குரோமோசோம்களை நுண்ணோக்கியில் படமெடுத்து எண்ணிப் பார்க்க வேண்டியிருப்பதால், முடிவு வர இரண்டு, மூன்று வாரம் ஆகலாம். முகமே தெளிவாகச் சொல்லும்போது இந்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்பதாம், பத்தாம் கேள்விகளைப் படிக்க வேண்டும்.

4. "எனக்கு இருபத்து மூணு வயசுதான். வயசானவங்களுக்குத்தானே இப்படிப் பொறக்கும்?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது என்பது உறுதியாக அறியப்பட்ட உண்மை. 20 வயதில் ஏறத்தாழ 1,500 பேரில் ஒருவருக்கு, 30 வயதில் 900 பேரில் ஒருவருக்கு, 35இல் 350 பேரில் ஒருவருக்கு, 40இல் 100 பேரில் ஒருவருக்கு, 45இல் 30 பேரில் ஒருவருக்கு இப்படிக் குழந்தை பிறக்கலாம். ஆனால் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் பெரும்பாலானவர்களைப் பெற்றவர்கள் 35 வயதுக்குக் குறைந்த தாய்மார்தாம். இதைக் கேட்டதும் பலர் முதலில் சொன்னது பொய்யா என்று திகைக்கிறார்கள். இரண்டும் உண்மையே.

கணக்குக்காக 10,000 பிரசவங்களை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் பெண்களுக்கு இருபதுகளிலேயே பிள்ளைப்பேறு முடிந்துவிடுவதால், அவர்களில் 9,500 பேர் இளம் தாய்மார், 500 பேர் மட்டும் 35ஐத் தாண்டியவர்கள் என்று வைப்போம். இளையவர்களில் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் ஒன்பது அல்லது பத்துக் குழந்தைகள். மூத்தவர்களில் 250க்கு ஒன்று என்றால் இரண்டு குழந்தைகள். ஒவ்வொரு மூத்த தாய்க்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. ஆனாலும் இளையவர்கள் கூட்டம் பெரிது என்பதால் குழந்தைகள் அங்கேதான் அதிகம். 'சின்ன வயசுதானே' என்று சொல்லிப் பரிசோதனையைத் தவிர்ப்பதும், 'வயசான காலத்தில் பெற்றாளே' என்று ஒருத்தியைப் பழிப்பதும், ஒரே உண்மையைப் பாதி மட்டும் கேட்டுக்கொண்டதால் வருபவை.

5. "வயசு ஏறினா ஏன் இப்படி ஆகுது? ஆம்பளைக்கு வயசு இல்லியா?"

ஒரு பெண்ணின் சினைமுட்டைகள் அனைத்தும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அப்போதே பிரியத் தொடங்கும் முட்டை, நடுவழியில் நின்று, அவள் பருவமடைந்து அந்த முட்டைக்கு முறை வரும்வரை காத்திருக்கிறது. 40 வயதில் வெளிவரும் முட்டை 40 ஆண்டுகள் காத்திருந்த முட்டை. குரோமோசோம் இணைகளைப் பிடித்து வைத்திருந்து, சரியான நேரத்தில் இருபுறமும் பிரித்து அனுப்பும் அமைப்பு அதற்குள் தளர்ந்துபோகலாம். அப்போது 21ஆம் இணை பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விட்டால், அந்த முட்டையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு இருக்கும். தந்தையிடமிருந்து வரும் ஒன்றோடு மூன்றாகிவிடும்.

விந்தணுக்கள் அவ்வப்போது புதிதாக உண்டாகின்றன. கூடுதல் குரோமோசோம் தந்தை வழியாக வருவது பத்தில் ஒன்று என்ற அளவில்தான். தந்தையின் வயதுக்கு இதில் பங்கு இருந்தாலும் மிகச் சிறியது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தயக்கம் வரும். 'பார்த்தாயா, தாயால்தான்' என்று இந்த வரியை மட்டும் பிடித்துக்கொள்ளும் மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். முட்டை பிரிவது எந்தப் பெண்ணின் கையிலும் இல்லை. அவளுடைய உணவோ உறக்கமோ வேலையோ ஒழுக்கமோ அதைத் தீர்மானிப்பதில்லை.

6. "மாமன் மகளைக் கட்டுனதாலதான் இப்படின்னு சொல்றாங்களே?"

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடக்கின்றன என்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. எனவே டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் பெற்றோரிலும் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்ற உறவினர் பலர் இருப்பது எதிர்பார்க்கக் கூடியதே. அதனால்தான் வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

உறவுத் திருமணத்தில் கூடும் நோய்கள் வேறு. தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருந்து, இரண்டும் குழந்தையிடம் சேரும்போது வருபவை அவை: தலசீமியா, சிலவகைப் பிறவிச் செவிட்டுத்தன்மை, சில வளர்சிதை மாற்றக் கோளாறுகள். டவுன் நோய்க்குறியில் பழுதான மரபணு எதுவும் இல்லை. எண்ணிக்கையில் ஏற்பட்ட பிசகு அது. முன்பின் உறவில்லாத இருவருக்கும் அதே அளவு நேரலாம்.

7. "கெரகணத்தன்னிக்கு வெளில வந்துட்டேன். அஞ்சாம் மாசம் வயல்ல மருந்து வேற அடிச்சாங்க. அதனாலயா?"

இல்லை. கிரகணமும், பப்பாளியும், இரவில் தலைக்குக் குளித்ததும், வீடு கட்ட வாசக்கால் வைத்ததும் காரணமல்ல. ஐந்தாம் மாதத்தில் நடந்த எதுவுமே காரணமாக இருக்க முடியாது. முதல் பதிலில் சொன்னபடி, கரு உண்டானபோதே எண்ணிக்கை அமைந்துவிட்டது. நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு நாள் நாளாகத் தேடிய ஒரு தாயை எனக்குத் தெரியும். அந்தத் தேடலில் விடை கிடைக்காது.

பூச்சிமருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டவுன் நோய்க்குறிக்கு அது காரணம் என்று நிறுவப்படவில்லை. அதற்காக, கர்ப்பிணிகள் மருந்தடிக்கும் வயலில் நாற்றுப் பறிக்கவோ களை எடுக்கவோ போகலாம் என்று பொருளல்ல. கருவின் வளர்ச்சிக்கு வேறு வகையில் தீங்கு செய்யக்கூடிய மருந்துகள் அவற்றில் உண்டு. மருந்தடித்த வயலில் சில நாள் இறங்காமல் இருப்பதும், மருந்தடித்தவரின் சட்டையைக் கர்ப்பிணி துவைக்காமல் இருப்பதும் நல்லது.

8. "திருக்கருகாவூர்ல எண்ணெய் வாங்கித் தடவுனோம், சத்து மாத்திரையும் விடாம போட்டோம். அப்புறம் எப்படி?"

கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் மந்திரித்த விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டவர்கள் எத்தனையோ பேரை நானே பிரசவத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். வழிபாட்டில் குறை வைத்ததால் குழந்தை இப்படிப் பிறந்தது என்று ஒருவர் உங்களிடம் சொன்னால், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

போலிக் அமில மாத்திரை, மூளை, தண்டுவடம் ஆகியவை சரியாக மூடாமல் போகும் குறைகளைத் தடுக்கிறது. அதற்காகவே கருத்தரிக்கும் முன்பிருந்து கொடுக்கப்படுகிறது. டவுன் நோய்க்குறியைத் தடுக்கும் மருந்தோ, உணவோ, தடுப்பூசியோ இன்றுவரை எதுவும் இல்லை. நீங்கள் மாத்திரை போட்டது வீணும் இல்லை.

9. "மொதக் கொழந்தை இப்படி. அடுத்ததும் இப்படியேதான் பொறக்குமா?"

முதல் குழந்தையின் கேரியோடைப் அறிக்கை இல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. டவுன் நோய்க்குறியில் மூன்று வகைகள் உண்டு. நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் தனியாக மூன்று இருக்கும். ஓரிருவருக்குச் சில செல்களில் மட்டும் மூன்று இருக்கும். மூன்று, நான்கு பேருக்குக் கூடுதல் 21, வேறொரு குரோமோசோமின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்; இதை இடமாற்ற வகை என்கிறார்கள்.

முதல் வகையாக இருந்தால், அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. தாயின் வயதுக்குரிய வாய்ப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே கணக்கு. நூறில் 99 குழந்தைகள் அப்படிப் பிறப்பதில்லை என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கணக்கைச் சொல்லாததால் இரண்டாவது குழந்தையே வேண்டாம் என்று இருந்துவிட்ட தம்பதிகள் உண்டு.

இடமாற்ற வகையாக இருந்தால் பெற்றோர் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பல குடும்பங்களில் பெற்றோர் இருவருக்கும் ஒன்றும் இருக்காது. குழந்தையிடம் புதிதாக நேர்ந்திருக்கும். சிலரிடம் தாயோ தந்தையோ முழு நலத்தோடு இருந்துகொண்டே அந்த ஒட்டிய குரோமோசோமைச் சுமந்திருப்பார்கள். தாய் சுமப்பவராக இருந்தால், வழக்கமான வகையில் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து, தந்தையாக இருந்தால் நூற்றுக்கு இரண்டுக்குள். அரிதாக 21ஆம் குரோமோசோம் இரண்டும் தம்முள்ளேயே ஒட்டிக்கொண்ட ஒருவருக்கு, பிறக்கும் குழந்தைகள் அனைவருமே டவுன் நோய்க்குறியோடுதான் பிறப்பார்கள். வயதுக்கும் இடமாற்ற வகைக்கும் தொடர்பில்லை.

10. "ரிப்போர்ட்ல 46ன்னுதான் போட்டிருக்கு. அப்போ கொழந்தைக்கு ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. இடமாற்ற வகையில் கூடுதல் 21, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமின் மேல் ஒட்டியிருப்பதால், எண்ணினால் 46தான் வரும். ஆனால் 21இன் பங்கு மூன்றாக இருக்கும். அறிக்கையில் 46ஐ அடுத்து எழுதியிருக்கும் குறியீடுகளில்தான் செய்தி இருக்கிறது. ஒரு குடும்பம் 46 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தது. அடுத்த பிரசவத்துக்கு முன்பு அந்தத் தாளை மரபியல் மருத்துவரிடம் காட்டும் யோசனையே அவர்களுக்கு வரவில்லை. எண்ணை மட்டும் படிக்காதீர்கள். முழுத் தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

11. "டபுள் மார்க்கர்ல 'ஹை ரிஸ்க் 1:180'னு வந்திருக்கு. கொழந்தைக்கு இருக்குன்னு சொல்றாங்களா?"

இல்லை. உங்களைப் போன்ற முடிவு வந்த 180 பெண்களில் ஒருவரின் குழந்தைக்கு இருக்கலாம், 179 பேரின் குழந்தைகளுக்கு இருக்காது என்பதே அதன் பொருள். 11 வாரம் முடிந்து 14 வாரம் தொடங்குவதற்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனில் குழந்தையின் பிடரியில் தேங்கியுள்ள நீரின் தடிமனை அளக்கிறார்கள். தாயின் ரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவைப் பார்க்கிறார்கள். 'டபுள்' என்பது அதுதான். இவற்றோடு தாயின் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு விகிதத்தைத் தருகிறார்கள். 250க்கு ஒன்று என்பதைவிட வாய்ப்பு அதிகமாக இருந்தால் பெரும்பாலும் 'ஹை ரிஸ்க்' என்று அச்சிடுவார்கள்.

இது சல்லடை, நோயைக் காட்டும் பரிசோதனையல்ல. 14 வாரத்தைத் தாண்டி வந்தவர்களுக்கு நான்கு பொருட்களைப் பார்க்கும் வேறு ரத்தப் பரிசோதனை உண்டு; அதன் துல்லியம் சற்றுக் குறைவு. வளைகாப்பு முடியட்டும், அப்புறம் ஸ்கேன் எடுக்கலாம் என்று இருந்துவிட்டால் இந்த வாரங்கள் எல்லாம் கடந்துபோய்விடும்.

12. "எனக்கு 'லோ ரிஸ்க்'னுதான் வந்துச்சு. கொழந்தை இப்படிப் பொறந்திருக்கே, டெஸ்ட் தப்பா?"

பரிசோதனை தவறாக இருக்க வேண்டியதில்லை. சென்ற பதிலில் சொன்ன சல்லடை, டவுன் நோய்க்குறி உள்ள நூறு கருக்களில் 85 முதல் 90 வரைதான் பிடிக்கும். மீதி 'லோ ரிஸ்க்' என்று கடந்துபோகும். 1:3,000 என்று வந்தால் மூவாயிரத்தில் ஒருவர் உண்டு என்றுதான் அந்தத் தாளே சொல்கிறது. அந்த ஒருவராக நீங்கள் அமைந்தது உங்கள் தவறல்ல.

13. "தனியார் லேப்ல என்.ஐ.பி.டி. எடுத்தோம், பாசிட்டிவ். 99 சதவீதம் சரியா இருக்கும்னாங்க. இனி என்ன பாக்க?"

பார்க்க வேண்டியது இருக்கிறது. பத்து வாரத்திலிருந்து எடுக்கக்கூடிய இந்தப் பரிசோதனை, தாயின் ரத்தத்தில் மிதக்கும், நஞ்சுக்கொடியிலிருந்து வந்த மரபுத் துணுக்குகளை எண்ணிப் பார்க்கிறது. டவுன் உள்ள நூறு கருக்களில் 99ஐ இது கண்டுபிடிக்கும் என்பது உண்மை. 'பாசிட்டிவ் வந்த நூறு பேரில் 99 பேருக்கு இருக்கும்' என்பது வேறு கூற்று. அது எல்லோருக்கும் பொருந்தாது.

நான்காம் கேள்வியின் கணக்கை இங்கே கொண்டுவாருங்கள். ஆயிரம் இளம் தாய்மாரில் ஒருவரின் கருவுக்கு டவுன் இருக்கிறது. அதைப் பரிசோதனை பிடித்துவிடும். மீதி 999 பேரில் ஒருவருக்குத் தவறாக 'பாசிட்டிவ்' வரலாம். ஆக, 'பாசிட்டிவ்' வந்த இருவரில் ஒருவருக்குத்தான் உண்மையாக இருக்கிறது. அதே ஆயிரம் பேர் 40 வயதினராக இருந்தால் பத்துப் பேருக்கு உண்மையாகவும் ஒருவருக்குத் தவறாகவும் வரும். ஒரே முடிவு, 25 வயதில் ஒரு பொருளும் 40 வயதில் வேறொரு பொருளும் தருகிறது. எந்த வயதாக இருந்தாலும், இதை மட்டும் வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும்.

14. "வயித்துல ஊசி போட்டு தண்ணி எடுத்தா கரு கலைஞ்சிடாதா? ஆணா பொண்ணான்னும் சொல்லிடுவாங்களா?"

தேர்ந்த மருத்துவர் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்யும்போது, இந்த ஊசியால் கரு கலைவது இருநூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. 15, 16 வாரத்திலிருந்து செய்யலாம். அதற்கு முன்பே தெரிய வேண்டுமானால் 11 வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கும் முறை உண்டு.

பாலினத்தைச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமாக்கியுள்ளது. அதே சட்டம்தான் குரோமோசோம் கோளாறுகளைக் கண்டறிவதற்காக, பதிவு பெற்ற மையங்களில், தாயின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு இந்தப் பரிசோதனைகளைச் செய்ய அனுமதிக்கிறது.

15. "இருக்குன்னு தெரிஞ்சா கலைக்கத்தான் சொல்லுவாங்க. நாங்க பெத்துக்கறதா இருந்தா எதுக்கு டெஸ்ட்?"

முடிவு உங்களுடையது. இரு முடிவுகளையும் எடுத்த தாய்மாரை அறிவேன், இருவரையும் மதிக்கிறேன். 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தின் பேரிலும், 24 வாரம் வரை குறிப்பிட்ட சூழ்நிலைகளில் இரு மருத்துவர்களின் கருத்தின் பேரிலும், அதற்குப் பின் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் ஒப்புதலோடும் கருக்கலைப்பு செய்யலாம். எந்த நிலையிலும் அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

பெற்றுக்கொள்வதாக முடிவெடுத்தவர்களுக்கும் முன்கூட்டித் தெரிவதில் பயன் உண்டு. கருவின் இதயத்தை ஸ்கேனில் பார்த்து வைக்கலாம். பச்சிளம் குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். குடும்பத்தாரின் அதிர்ச்சியும் பிரசவ அறைக்கு வெளியே நிகழாது.

16. "கொழந்தை பொறந்தாச்சு. இப்ப மொதல்ல என்ன செய்யணும்?"

இதய எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் கேட்கவில்லை, குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. பெரிய ஓட்டையாக இருந்து, முதல் சில மாதங்களில் அறுவை செய்யாமல் விட்டால், நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகி, பின்னர் அறுவையே செய்ய முடியாத நிலை வந்துவிடும். ஜாதகம் பார்த்து, பரிகாரம் முடித்து, ஒரு வயதுக்குப் பின் எக்கோவுக்கு வந்த குழந்தையை மடியில் வைத்திருந்தேன். நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான இதய அறுவைகள் இருப்பதால், பணத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது தைராய்டு. பிறந்தவுடன், ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு ஆண்டுதோறும் டி.எஸ்.எச். எனப்படும் தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவால் வரும் மந்தத்தை 'இந்தக் குழந்தைகள் இப்படித்தான்' என்று விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்த்த தவறு; ஒரு சிறு மாத்திரை அதைச் சரிசெய்துவிடும். முதல் நாட்களிலேயே பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் அடைப்பு இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, காது கேட்கும் திறன், கண் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கலாம். தசை தளர்ந்திருப்பதால் உறிஞ்சுவது மெதுவாக இருக்கும். தாடைக்கு அடியில் ஒரு விரலால் தாங்கிப் பிடித்தால் எளிதாகும். குழந்தையை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் பதிவு செய்யுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ், அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அது இயங்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊர் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டால் எங்கே போவது என்று சொல்வார்கள். இயன்முறைப் பயிற்சியைக் கழுத்து நிற்காத மாதங்களிலேயே தொடங்குவது மிகவும் உதவும்.

17. "மூளை வளர ஊசி போட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரே?"

கூடுதல் குரோமோசோமை எடுத்துவிடும் ஊசியோ லேகியமோ கிடையாது. அந்தப் பணத்தில் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வர பேருந்துக் கட்டணம் கொடுங்கள்.

18. "எத்தன வயசு வரைக்கும் இருப்பாங்க?"

1980களின் தொடக்கத்தில் வளர்ந்த நாடுகளிலேயே சராசரி ஆயுள் 25 ஆண்டுகள்தாம். இதய அறுவையும் முறையான மருத்துவமும் கிடைத்த பிறகு, அங்கே இப்போது 60ஐ எட்டியிருக்கிறது. நம் ஊர்க் குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்பதற்குப் பதினாறாம் கேள்வியின் பதில் பெரும்பங்கு வகிக்கிறது. பெற்றோருக்குப் பின் யார் என்ற கவலை உள்ளவர்கள், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டப்படியான காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள்; உதவித்தொகை, பள்ளி, பேருந்துச் சலுகை எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

19. "பெரியவளுக்கு வரன் பாக்குறோம். தம்பிக்கு இப்படி இருக்குன்னு தெரிஞ்சா, அவளுக்கும் இப்படிப் பொறக்கும்னு தட்டிப் போகுது. என்ன சொல்றது?"

தம்பியின் கேரியோடைப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 21 தனியாக மூன்று இருக்கும் வகை என்றால், அக்காளுக்குப் பிறக்கும் குழந்தைகளின் வாய்ப்பு அவள் வயதுடைய எந்தப் பெண்ணுக்கும் உள்ளதுதான். கூடுதலாகப் பேசத்தக்க ஒன்றும் இல்லை. நூற்றுக்கு 95 குடும்பங்களில் இந்த வகைதான் என்று ஒன்பதாம் பதிலில் சொல்லியிருக்கிறேன். இடமாற்ற வகையாக இருந்து, பெற்றோரில் ஒருவர் சுமப்பவர் என்றும் தெரிந்தால், அக்காளும் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவளிடம் அது இல்லையென்றால் அவளோடு அந்தப் பேச்சு முடிந்தது. இருந்தால், கருவுற்ற பத்தாம், பதினோராம் வாரத்திலிருந்தே என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு தந்தை, பெண் பார்க்க வந்தவர்களிடம் ஜாதகக் கட்டோடு மகனின் அறிக்கையையும் எடுத்து வைத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, பன்னிரண்டு ஆண்டுகளாகப் பத்திரப்படுத்திய தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுவதும் படித்தார். அந்தத் தாளுக்கு எழுத்தில் விளக்கம் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி, சேர்த்தே வைத்திருங்கள்.